உலைக்குள் போகும் எவர்சில்வருக்கு எந்தப் பூச்சு, எப்போது எதுவுமே வேண்டாம்

ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "304 ரக எவர்சில்வரில் செய்த கூடை சார். ஆறு மாசத்தில் செதில் செதிலாக உதிருது. ஏதாவது கோட்டிங் அடித்தால் தாங்குமா?" கேட்கும்போதே கையில் இரண்டு மூன்று கொட்டேஷன் இருக்கும். அலுமினைசிங் (மேலே அலுமினியம் ஏற்றுவது) செய்து தருகிறோம் என்று ஒருவர், செராமிக் பெயின்ட் என்று இன்னொருவர், பிளாஸ்மா ஸ்ப்ரே என்று மூன்றாமவர். மூன்று தாளிலும் '1000 டிகிரி வரை தாங்கும்' என்ற வரி தவறாமல் இருக்கும்.

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுத்தால் காசு வீண். அதே 880 டிகிரி செல்சியஸில், மின் உலைக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் குழாயும் இருக்கிறது. கேஸ் உலைக்குள் போய் நாலு மணி நேரத்தில் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியில் முங்கும் கூடையும் இருக்கிறது. முன்னதைக் காப்பாற்றுகிற பூச்சு பின்னதை ஒரு வாரம்கூடக் காப்பாற்றாது. ஆகவே கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கேல், அதாவது சூட்டில் எஃகின் மேல் வளரும் ஆக்சைடு, எந்த வழியில் போகிறது என்று முதலில் பார்ப்போம்.

மூன்று வழிகளில் போகிறது

சமையலறையில் எவர்சில்வரைக் காப்பது சில நானோமீட்டர் கனமே உள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். உலைக்குள் அதே ஆக்சைடு மைக்ரான் கணக்கில் வளர்கிறது. வளர்வதில் தப்பில்லை. ஒட்டிக்கொண்டு நிற்கும்வரை அதுதான் காவல். தடிக்கத் தடிக்க வளரும் வேகமும் குறையும்: முதல் 100 மணி நேரத்தில் எவ்வளவு வளர்ந்ததோ, அதே அளவு மறுபடி வளர இன்னும் 300 மணி நேரம் வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு.

குரோமியம் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மி.மீ. கனமுள்ள 304 தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம் உலோகம். அதில் 18 சதவீதம் குரோமியம் என்றால் 430 மில்லிகிராம் கையிருப்பு. 6 மைக்ரான் கனத்துக்கு ஆக்சைடு வளர, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் சொச்சம் குரோமியம் போதும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலரை என்று வைத்துக்கொண்டாலும், வீட்டில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிற கதைதான். ஆனால் உள்ளே இருக்கிற குரோமியம் மேலே வந்து சேரும் வேகம் ரொம்பக் குறைவு. 304 போன்ற ஆஸ்டெனிட்டிக் (நிக்கல் கலந்த, காந்தத்தில் ஒட்டாத) எஃகில் அது ஆமை நடை. மேலே இருக்கிற ஆக்சைடு உதிர்ந்துகொண்டே இருந்தால், மேற்பரப்பை ஒட்டிய அடுக்கில் மட்டும் குரோமியம் வற்றிப்போகும். அப்போது இரும்பு வெளியே வந்து ஆக்சைடாக ஆரம்பிக்கும். அதற்கப்புறம் தடுத்து நிறுத்த முடியாது. (0.1 மி.மீ. ஃபாயில் என்றால் கையிருப்பே 14 மில்லிகிராம்தான். அங்கே கவலை வேறு.)

ஸ்கேல் போகும் முதல் வழி, அளவுக்கு மீறிய சூட்டில் வேகமாகத் தடித்துப்போவது. இது எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, ஆறும்போது உரிவது. ஒரு மீட்டர் நீளமுள்ள 304 கம்பி, அறை வெப்பத்திலிருந்து 900 டிகிரிக்குப் போனால் சுமார் 16 மி.மீ. நீளும். அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு நீள விரும்புவதோ அதில் பாதி அளவு. திரும்பி ஆறும்போது கம்பி சுருங்குகிற அளவுக்கு ஆக்சைடு சுருங்காது. மடிந்து, வெடித்து, உதிரும். கையேடுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். 304-க்குக் காற்றில் தொடர்ந்து ஓடினால் 925 டிகிரி, விட்டுவிட்டு ஓடினால் 870 என்று வரம்பு போட்டிருப்பார்கள். 430 என்ற ரகத்துக்கு அது தலைகீழ்: தொடர்ந்து ஓடினால் 815, விட்டுவிட்டு ஓடினால் 870. காரணம், 430 ஃபெரிட்டிக், அதாவது நிக்கல் சேர்க்காத, காந்தத்தில் ஒட்டும் வகை. அதன் விரிவு ஆக்சைடின் விரிவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. விலை குறைந்த எஃகு சில இடங்களில் தாங்குவதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது வழியைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: ஆவியாகிப் போவது. உலர்ந்த காற்றில் 1000 டிகிரியைத் தாண்டினால்தான் குரோமியம் ஆக்சைடு கவலைப்படும் அளவுக்கு ஆவியாகும். நீராவி கலந்துவிட்டால் அதற்கு வெகு கீழேயே ஆரம்பித்துவிடும். எல்.பி.ஜி. எரிந்து வருகிற புகையில், அதிகக் காற்று விடாவிட்டால், நீராவி மட்டும் 15 சதவீதம். மின் உலைக்கென்று எழுதின வரம்பை கேஸ் உலைக்குப் போட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

இவை தவிர வெளியாட்களும் உண்டு. உருகிய உப்புக் குளியலிலிருந்து வந்த ஜாப் (பதப்படுத்த வரும் பாகம்), கழுவாமல் விட்ட குளோரின் கலந்த கட்டிங் ஆயில், கந்தகம். இவர்கள் உள்ளே வந்துவிட்டால் எந்த ஆக்சைடு ஒட்டுகிறது என்ற விவாதமே அர்த்தமற்றது. ஜாபைக் கழுவி அனுப்பச் சொல்வதுதான் அங்கே மலிவான வழி. ஒரு பட்டறையில் ஒரே உலையில் இரண்டு கூடைகளில் ஒன்று மட்டும் சீக்கிரம் போனது. பூச்சு, வெல்டிங், எஃகு எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகுதான், அந்தக் கூடையில் மட்டும் உப்புக் குளியல் ஜாப் ஏறுவது தெரிந்தது.

வெள்ளைத் தாளும் காந்தமும்

எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். உலைத் தரையிலிருந்தும் கூடையின் வெல்ட் மூலைகளிலிருந்தும் உதிர்ந்ததைத் தனித்தனியாகக் கூட்டி வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். காந்தத்தை பாலிதீன் பையில் சுற்றி மேலே காட்டுங்கள். கறுப்பாக இருந்து மளமளவென்று ஒட்டினால் அது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. இரும்பு வெளியே வந்துவிட்டது. செங்கல் நிறத்தில் பொடி இருந்தாலும் இரும்பின் ஆக்சைடுதான். ஒட்டாமல், தேய்த்தால் பச்சை சாயலில் மெல்லிய சிறு தகடுகளாக இருந்தால் குரோமியம் ஆக்சைடு உரிகிறது. எஃகு இன்னும் சமாளிக்கிறது, உரிவதை நிறுத்தினால் போதும். உதிரல் ஒன்றுமே அதிகமில்லை, ஆனால் கம்பி மெலிந்துகொண்டே போகிறது, பர்னர் பக்கம்தான் மோசம் என்றால் ஆவியாவதைச் சந்தேகிக்கலாம்.

வெல்ட் மூலையில் மட்டும் இரும்பு ஆக்சைடு வந்தால் பூச்சுக்காரரைக் கூப்பிடாதீர்கள். வெல்டரைக் கூப்பிடுங்கள். வெல்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த இடத்தில் குரோமியம் ஏற்கனவே குறைந்திருக்கும்.

ஆசிட், பாலிஷ், ஷாட்

பிக்கிளிங், பாசிவேஷன் என்ற ஆசிட் வேலைகள் இரண்டையும் 'ஆக்சிடேஷனுக்கு நல்லது' என்று விற்பவர்கள் உண்டு. பிக்கிளிங் அந்த நீலம் பாய்ந்த, குரோமியம் குறைந்த தோலை எடுத்துவிடும். ஆரம்பம் சுத்தமாக இருக்கும், அந்த மட்டில் சரி. பாசிவேஷன் கட்டுவது மறுபடி அந்த நானோமீட்டர் படலத்தைத்தான். உலைக் கதவு மூடின சில நிமிடங்களில் அது கணக்கிலேயே இருக்காது. தண்ணீரில், உப்புக் காற்றில் அரிக்காமல் இருக்க அதைச் செய்யுங்கள், உலைக்காகச் செய்யாதீர்கள்.

பளபளப்பு நல்லது என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. எலக்ட்ரோ பாலிஷ் செய்த 304-ஐ விட, கிரைண்டிங் செய்து தோல் இறுகின 304 பல நேரங்களில் நன்றாகத் தாங்கும். மேற்பரப்பை அடித்துக் கசக்கினால் படிகங்களுக்குள் குறைகள் பெருகும். அவை குரோமியத்துக்குக் குறுக்குச் சந்து மாதிரி. ஆமை நடை கொஞ்சம் வேகமாகும். நல்ல ஆக்சைடு சீக்கிரம் மூடிக்கொள்ளும். அனல் மின் நிலையங்களில் சூப்பர்ஹீட்டர் குழாய்களின் உட்புறத்தை ஷாட் பீனிங் (சிறு குண்டுகளை வேகமாக அடிப்பது) செய்வது இதற்காகத்தான். 600 டிகிரியைச் சுற்றிய நீராவியில், 18-8 (18 குரோமியம், 8 நிக்கல்) வகைக் குழாய்களில் உள்ளே வளரும் ஆக்சைடு உரிந்து வளைவுகளை அடைக்கும், டர்பைனையும் அரிக்கும். ஷாட் அடித்த குழாயில் அது வெகுவாகக் குறைகிறது.

இதில் ஒரு கண்டிஷன். கசங்கின தோல் கசங்கினபடியே இருக்க வேண்டும். சூடு ஏறி எஃகு புதிதாகப் படிகம் கட்டிக்கொண்டால் குறுக்குச் சந்துகள் மறைந்துவிடும். ஷாட் அடித்த பிறகு குழாயை வளைத்து மறுபடி சொல்யூஷன் அனீல் (மிகுந்த சூட்டில் வைத்துச் சட்டென்று ஆற்றுவது) செய்தால் செலவு போச்சு. 880 டிகிரிக் கூடைக்கு ஷாட் பீனிங் பரிந்துரைத்தால் எழுந்து வந்துவிடலாம்.

முன்கூட்டியே ஆக்சைடு ஏற்றுவது

ஸ்கேல் வரத்தான் போகிறது, அதை நல்ல சூழலில் நாமே வரவழைத்தால் என்ன என்ற யோசனை இது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த ஹீட்டர் கம்பிகளுக்கு இது வழக்கமான பழக்கம். புதுக் கம்பியைச் சுத்தமான காற்றில் 1050 டிகிரியில் பல மணி நேரம் வைத்து அலுமினியம் ஆக்சைடைக் கட்டிக்கொள்ள விடுவார்கள். 304-க்கு இந்தப் பலன் சிறிது. முதல் ஆக்சைடு நீராவி இல்லாத இடத்தில் உருவாவது ஒரு லாபம். அது ஒருமுறை உரிந்துவிட்டால் அடுத்தது உங்கள் கேஸ் உலைக்குள்தான் வளரப்போகிறது. செலவு இல்லாத வேலை என்பதால் செய்யலாம், அவ்வளவே.

சீரியம்: மலிவான, யாரும் விற்காத வழி

எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது. நடைமுறையில் அதிகம் சிபாரிசு செய்ய முடியாமலிருப்பதும் இதுதான்.

வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளில் சீரியம் போன்ற அரு மண் தனிமங்களைத் துளி சேர்த்தால் ஆக்சைடு நன்றாக ஒட்டுகிறது என்பது 1937-லேயே பிரிட்டனில் ஃபைல் என்பவர் பெயரில் காப்புரிமையாகிவிட்டது. உலோகத்துக்குள் சேர்க்காமல் மேலே தடவினாலும் பலன் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில், கார்பன் டை ஆக்சைடால் குளிர்விக்கும் அணு உலைகளின் எரிபொருள் உறைக்கான 20 குரோமியம், 25 நிக்கல் எஃகின் மேல் சீரியம் ஆக்சைடு ஜெல் பூசிப் பார்த்தார்கள். 1990-களில் ஐ.ஐ.டி. கரக்பூரிலும் ஆஸ்டெனிட்டிக் எஃகுகளின் மேல் இதே ஆக்சைடைத் தடவிச் சோதித்தார்கள். ஆக்சைடு வளர்வது குறைந்தது, உரிவதும் குறைந்தது.

காரணம் சுவாரசியமானது. சாதாரணமாகக் குரோமியம் அயனிகள் ஆக்சைடின் படிக இடுக்குகள் வழியாக வெளியே ஏறி, மேலே வந்து ஆக்சிஜனோடு சேரும். சீரியம் அயனி பெரிசு. அது அந்த இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சந்துக்கு நடுவே லாரியை நிறுத்தின மாதிரி. குரோமியம் வெளியே வர முடியாமல், ஆக்சிஜன்தான் உள்ளே இறங்கி வந்து சேர வேண்டியிருக்கிறது. அதனால் வளர்ச்சி மெதுவாகிறது. அடியில் வெற்றிடம் விழாமல் படலம் எஃகோடு ஒட்டியே நிற்கிறது.

செய்முறையும் எளிது. சீரியம் நைட்ரேட் கரைசலில் சுத்தமான பாகத்தை முக்கி, வடித்து, உலர்த்தி, சூடேற்றினால் நைட்ரேட் சிதைந்து ஆக்சைடு மிஞ்சும். (வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுப் புகை நுரையீரலுக்கு ஆகாது, திறந்த இடத்தில் செய்யுங்கள்.) பாகத்தின் அளவு மாறாது, மரை மாட்டிக்கொள்ளாது. குறைகளும் சொல்ல வேண்டும். இது குரோமியம் ஆக்சைடை நல்ல பிள்ளையாக்குகிறதே தவிர வேறு ஆக்சைடாக மாற்றுவதில்லை. கேஸ் உலையில் ஆவியாவது தொடரும். உராய்ந்து சுரண்டப்பட்ட இடத்தில் சீரியமும் போய்விடும். அப்புறம், இதை ஜாப் வொர்க்காகச் செய்து தரும் ஆள் கிடைப்பது கஷ்டம். நீங்களேதான் முக்க வேண்டும். மின் உலைக்குள் நிலையாகக் கிடக்கும் மெல்லிய பாகத்துக்கு முயற்சி செய்யலாம்.

அலுமினியம்: வேலை செய்கிறது, ஆனால்

ஆவியாகிற குரோமியம் ஆக்சைடை நம்பாமல், அலுமினியம் ஆக்சைடுக்கே மாறிவிடுவது பெரிய பாய்ச்சல். அது பல மடங்கு மெதுவாக வளரும். நீராவியைப் பற்றிக் கவலைப்படாது. கார்பனையும் கந்தகத்தையும்கூட ஓரளவு தள்ளி நிறுத்தும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இதை விரும்புவது அதனால்தான். ஆனால் 'அலுமினைசிங்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கொட்டேஷனில் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலாவது சிலிக்கோன் அலுமினியம் பெயின்ட். சைலன்சருக்கு அடிப்பது. 600 டிகிரி வரை அழகாக இருக்கும். உலைக்கு இது பொருந்தாது.

இரண்டாவது உருகிய அலுமினியத்தில் முக்குவது. கார் எக்சாஸ்டுக்குப் போகும் 409 ரக எவர்சில்வர் தகட்டில் இப்படி ஏற்றியது உண்டு. 304-ல் அதே குரோமியம் ஆக்சைடுப் படலம் குறுக்கே நின்று அலுமினியத்தை ஒட்ட விடாது; அந்தப் படலத்தைக் கரைக்க நல்ல ஃப்ளக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெறும் இடம் தெரியும். முக்கி வந்ததை நேராக 880-க்கு அனுப்பவும் கூடாது. அலுமினியம் உருகுவது 660-ல். மெதுவாகச் சூடேற்றி எஃகுக்குள் ஊற விடாவிட்டால் உருகி வழிந்து ஜாபின் மேல் சொட்டும்.

மூன்றாவது ஸ்லரி. அலுமினியப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையாலோ ஸ்ப்ரேயாலோ அடித்து, ஆர்கானில் சூடேற்றி ஊற வைப்பது. பெரிய பாகத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் வேண்டுமென்றால் இதுதான் வசதி. அடித்தவர் கை எங்கே தடுமாறியதோ அங்கே கனமும் தடுமாறும்.

நான்காவது பேக் முறை. இரும்புப் பெட்டிக்குள் பாகத்தை வைத்து, அலுமினியப் பொடி, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூன்றையும் கலந்து நிரப்பி, மூடி, பல மணி நேரம் சுட வேண்டும். நவச்சாரம் சிதைந்து அலுமினியத்தைக் குளோரைடு ஆவியாகத் தூக்கிக்கொண்டு போய், பாகத்தின் மூலை முடுக்கெல்லாம் சேர்க்கும். குழாயின் உட்புறம்கூடத் தப்பாது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய தொழில் இது. கலோரைசிங் என்று ஒரு காலத்தில் பெயர். நான்கில் நான் நம்புவது இதைத்தான்.

இப்போது அந்த 'ஆனால்'. எஃகுக்குள் அலுமினியம் ஊறி உண்டாகும் அடுக்கு இரும்பு-அலுமினியச் சேர்மம். அலுமினியம் மிஞ்சினால் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். கூடையை கிரேனில் தூக்கி டமாரென்று தரையில் வைக்கிற பட்டறையில் இந்த அடுக்கு எத்தனை நாள் முழுசாக இருக்கும்? தண்ணீரில் முக்கினால் வெடிப்பு விழும். வெடிப்பின் அடியில் எஃகு அரிக்கும். பக்குவம் செய்த பிறகு வெல்டிங் செய்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும்; ஆக எல்லா வெல்டிங்கையும் முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மரையுள்ள பாகம் தடித்துப்போய் நட்டு ஏறாது. பெட்டிக்குள் நீண்ட நேரம் சுட்டதில் மெல்லிய தகடு கோணிக்கொள்ளும். இன்னொன்று, அலுமினியம் வெளியே ஆக்சைடாவது போதாதென்று உள்பக்கமும் மெதுவாக ஊறிக்கொண்டே போகும். 900-க்கு மேல் போகப் போக இந்த உள்கசிவுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

குரோமைசிங் என்பதும் இதே பெட்டி முறைதான். அலுமினியத்துக்குப் பதில் குரோமியம், சூடு இன்னும் கூடுதல். குறைந்த கலவை எஃகால் ஆன பாய்லர் குழாய்க்கு அது நல்ல விஷயம். ஏற்கனவே 18 சதவீதம் குரோமியம் உள்ள எஃகுக்கு, அதுவும் ஆவியாவது பிரச்சினை என்றால், எரிகிற வீட்டுக்கு இன்னும் விறகு அடுக்கின மாதிரி.

ஸ்ப்ரே, செராமிக்

பிளாஸ்மா அல்லது அதிவேகச் சுடர் முறையில் நிக்கல்-குரோமியம், அல்லது நிக்கல், குரோமியம், அலுமினியம், யிட்ரியம் கலந்த பொடியை அடிக்கலாம். அதிவேகச் சுடரில் அடுக்கு அடர்த்தியாக வரும். சாதாரணச் சுடரில் அடித்தால் துளைகள் அதிகம், அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே போகும். பெரிய, தட்டையான, துப்பாக்கி நேராகப் பார்க்கக்கூடிய மேற்பரப்புக்கு இது நன்றாக இருக்கும். கம்பிக் கூடையில் கம்பியின் பின்பக்கத்தைத் துப்பாக்கி பார்க்காது.

செராமிக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. சிர்கோனியா பூச்சு வெப்பத்தைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. உயர்ந்த சூட்டில் சிர்கோனியா வழியே ஆக்சிஜன் அயனி தாராளமாகப் போகும். ஆக்சிஜன் சென்சார் செய்வதே அதை வைத்துத்தான். வெப்பத் தடுப்பாவது உதவுமா என்றால், பாகத்தின் மறுபக்கத்தை ஏதாவது குளிர்வித்துக்கொண்டிருந்தால்தான் உதவும். விமான டர்பைன் இறக்கையின் உள்ளே காற்று ஓடுகிறது, அதனால் அங்கே அர்த்தம் உண்டு. உலைக்கு நடுவே நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் கூடைக்கு எந்தப் பக்கம் குளிர்ச்சி? கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் நாள் முழுக்க நின்றால் உடம்பும் சூடாகத்தான் செய்யும். இந்தக் கொட்டேஷனை முதலில் கிழியுங்கள்.

எஃகையே மாற்றினால்

பூச்சைப் பற்றிக் கேட்டவரிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், விலை அப்படி. 304-ல் நிக்கல் 8 சதவீதம், 310-ல் 20. விலை வித்தியாசம் அங்கேயிருந்துதான் வருகிறது. ஆனால் 310-ன் வரம்பு தொடர்ந்து ஓடினால் 1150, விட்டுவிட்டு ஓடினால் 1035. கீறினாலும் வெட்டினாலும் வெல்டிங் செய்தாலும் அடியிலிருப்பதும் அதே எஃகு. பூச்சுக்கு அந்த வசதி இல்லை.

310-லும் பள்ளம் உண்டு. 650-லிருந்து 900 வரையிலான சூட்டில் நீண்ட காலம் கிடந்தால் சிக்மா என்ற கடினமான கட்டம் உள்ளே உருவாகி, குளிர்ந்த நிலையில் கூடை கீழே விழுந்தால் கம்பி பட்டென்று முறியும். 253 எம்ஏ என்ற எஃகு எனக்கு இங்கே அதிகம் பிடிக்கிறது: 21 குரோமியம், 11 நிக்கல் மட்டும், கொஞ்சம் சிலிக்கன், நைட்ரஜன், கூடவே சீரியம். மேலே சொன்ன சீரியம் வித்தையை உருக்கும்போதே எஃகுக்குள் வைத்துவிட்டார்கள். உரிந்தாலும் அடியில் இன்னும் இருக்கிறது. சிறிய அளவில் கம்பியாகக் கிடைக்கிறதா என்று வியாபாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை

50 மி.மீ. நீளம், 25 அகலம், 3 கனம் என்று துண்டு வெட்டுங்கள். அதன் மொத்த மேற்பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர், எடையும் சுமார் 30 கிராம். கணக்குப் போட வசதியான அளவு. ஒன்று வெறும் 304, ஒன்று பக்குவம் செய்தது, ஒன்று மாற்று எஃகு. ஒவ்வொன்றையும் தனித்தனி ஆழமான அலுமினாக் கிண்ணத்தில் வைத்து, கூடையோடு கூடையாக உலைக்கு அனுப்பி, வெளியே எடுத்துக் காற்றில் ஆற விடுங்கள். கிண்ணங்களை முன்னமே ஒருமுறை சுட்டு எடை பார்த்துக்கொள்ள வேண்டும். எடை போட ஆய்வகம் வேண்டாம். நகைக்கடைக்காரரின் ஒரு மில்லிகிராம் தராசு போதும். 30 மில்லிகிராம் மாறினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

துண்டையும் கிண்ணத்தையும் சேர்த்து ஒருமுறை, துண்டை மட்டும் ஒருமுறை நிறுக்க வேண்டும். இரண்டும் கூடினால் ஆக்சைடு வளர்ந்து ஒட்டி நிற்கிறது. சேர்ந்த எடை கூடி, துண்டு குறைந்தால் உரிகிறது. சேர்ந்த எடையே குறைந்தால் ஏதோ காற்றோடு போகிறது. பெரும்பாலும் நீராவி வேலை. இருபது முறை போய் வந்த பிறகு எந்தக் கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடுவது என்று தராசே காட்டிவிடும். தண்ணீரில் முக்குவது இதைவிடக் கடுமை. காற்றில் ஆறியே தோற்ற துண்டை மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் உறைக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். அது ஊதுபத்தி மாதிரி; தீர்ந்தால் மாற்றுவது. நல்ல எஃகில் வாங்கி, ஸ்பேர் இரண்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஆரம்பத்தில் சொன்ன கூடைக்காரரிடம் திரும்புவோம். எல்.பி.ஜி. உலை, 880 டிகிரி, தண்ணீரில் குவெஞ்ச், ஜாபோடு கூடையும் முங்குகிறது. தாளில் கொட்டிப் பார்த்ததில் வெல்ட் மூலைகளில் கறுப்பு, காந்தத்தில் ஒட்டுகிறது. கம்பியின் நடுப்பகுதியில் அவ்வளவு மோசமில்லை. அலுமினைசிங் வேண்டாம் என்றேன். அந்த அடுக்கு முதல் வாரத்துத் தண்ணீரிலேயே வெடித்திருக்கும். மூலைகளில் முழு வெல்டிங்கை எடுத்துவிட்டு, கம்பிகள் துளைக்குள் தளர்வாக உட்கார்ந்து நீளவும் சுருங்கவும் இடம் இருக்கும்படி மாற்றச் சொன்னேன். சுமை தாங்கும் அடிச் சட்டத்தை மட்டும் 253 எம்ஏ-வில் போட்டுவிட்டு, பக்கவாட்டுக்குப் பழைய 304-ஐயே வைத்துக்கொண்டார். அலுமினைசிங் கொட்டேஷனும் வீண் போகவில்லை. அதே உலையில் பர்னர் சுடருக்கு நேரே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. அசையாது, நனையாது, நாள் முழுக்க ஈரப் புகையில் நிற்கிறது. அதை பேக் முறையில் செய்ய அனுப்பியிருக்கிறார், போல்ட் துளைகளை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்கி.